விழுந்த வேலி மேல் ஏழு கேக் டின்கள்

ஹோலியோக்
நவம்பர் 8

ஏய் தெள்ளு,

இது உன் கைக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை. ஃபோன் போட்டால் ஊளைச் சத்தம்தான் கேட்கிறது. புயலில் விழுந்த ஃபோன் கோபுரங்கள் தீவில் இன்னும் படுத்தே கிடக்கின்றன என்று சித்தப்பா சொல்கிறார். தபால் மட்டும் போகிறதாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறவள் நான், உனக்குத் தெரியும்.

இங்கே அமெரிக்கக் குளிரில், சித்தப்பா வீட்டில் ஒரே அறையில் நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாள் முழுக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே மிர்த்தாவின் கேக் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததுண்டா? இங்கே மிர்த்தா என்றால் யார் என்று கேட்கிறார்கள்.

போன ஞாயிறு சர்ச்சில் நம் நாட்டுக்காரி ஒருத்தி அம்மாவைத் தேடி வந்தாள். அவள் மகளுக்கு பிப்ரவரி 24ஆம் தேதி கல்யாணம். ஏழு அடுக்குக் கேக் வேண்டுமாம். அம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! வீட்டுக்கு வருவதற்குள் வாடிவிட்டது. டின்கள் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஏழு டின்களும் அங்கேதான் இருக்கின்றன. புறப்பட்ட அன்று சேற்றைக் கழுவி, பின்பக்கம் விழுந்து கிடந்த வேலி மேல் காயவைத்திருந்தோம். லாஞ்ச் வந்துவிட்டது என்று அப்பா கத்தினார். அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். நீ போய் ஏழையும் எடுத்து ஒரு பெட்டியில் போட்டு அனுப்பு. இங்கே கடையில் இருப்பவை இரண்டு விரல் ஆழம்கூட இல்லை. அம்மா தராசு வைத்து நிறுப்பவள் இல்லை. எந்த டின்னில் எந்த உயரம் வரை மாவு ஊற்ற வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே அளவு. ஒவ்வொன்றின் அடியிலும் அம்மாவின் பெயரின் முதலெழுத்துகளை, எம், வி என்று, ஆணியால் குத்தியிருக்கும்.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. நீயும் யாரிடமும் சொல்லாதே.

படகுத்துறையில் நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாயா? சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்.

இவெலிஸ்


வியேகெஸ்
நவம்பர் 24

இவெலிஸுக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. தபால் நிலையத்தில் நல்லவேளையாக என் கையிலேயே கொடுத்தார்கள். இனிமேல் வீட்டு விலாசம் போடாதே. என் பெயரை மட்டும் எழுதி, நேரில் வந்து வாங்கிக்கொள்வாள் என்று போடு. அம்மா தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சூரிய சக்தி விளக்கை மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உங்கள் வீட்டுப் பக்கம் இன்னும் போக முடியவில்லை. பாதையில் மின்கம்பம் குறுக்கே கிடக்கிறது. பார்க்கிறேன்.

நீ போன பிறகு ஊரே மார்க்கெசினா ஆகிவிட்டது. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு வீட்டில், காரை வெளியே எடுத்துவிட்டு, அந்த முன்கொட்டகையில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள். இப்போது சனிக்கிழமையானால் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து மார்க்கெசினா. போகிறவர்கள் விற்கிறார்கள், இருக்கிறவர்கள் வாங்குகிறார்கள். அடுத்த மாதம் வாங்கினவர்களும் போவதற்காக விற்கிறார்கள். ஒரே மிக்ஸியை மூன்று வீட்டில் பார்த்தேன், மூடியில் இருந்த கீறலை வைத்துக் கண்டுபிடித்தேன். கரண்ட் இல்லாததால் அது ஓடுமா ஓடாதா என்று அந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது.

அம்மா அறை துடைத்துக்கொண்டிருந்த விடுதி இன்னும் திறக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டிலும் சனிக்கிழமைதோறும் மார்க்கெசினா. இப்போதைக்கு அதில்தான் சாப்பிடுகிறோம்.

துறையில் நீ சொன்னது விளையாட்டு என்கிறாய். நான் உன்னை வழியனுப்பத்தான் வந்தேன். இருந்ததில் நல்ல சட்டை அந்த மஞ்சள் சட்டை. அம்மா சர்ச் கடையில் வாங்கி வந்தது. அது முன்பு உன்னுடையது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. "வலது கையில ஒரு தையல் இருக்கும் பாருங்க, நான் மாமரத்துல ஏறிக் கிழிச்சது"ன்னு நீ சொன்னதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் கையைத்தான் பார்த்தார்கள். தையல் இருந்தது. பழைய சாமான் விற்கிற இடத்துக்குத் தெள்ளுச்சந்தை என்று பெயர் இருந்தால், அங்கே வாங்கி உடுத்துகிறவள் தெள்ளுப்பூச்சியா?

உன் அம்மாவிடம் ஏழு அடுக்குக்கு இப்போதே ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். மூன்று அடுக்குக் கேக்கும் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

நெரெய்டா


ஹோலியோக்
டிசம்பர் 6

தெள்ளு,

மூன்று அடுக்காம்! நீ எப்போது கேக் நிபுணி ஆனாய்? அம்மா ஏழுக்கே ஒத்துக்கொண்டுவிட்டாள். டின்னுக்கு என்ன செய்வாய் என்று அப்பா கேட்டதற்கு, "கடவுள் பாத்துக்குவார்"னு சொன்னாள். கடவுள் எங்கே பார்த்தார், உன்னைத்தான் பார்க்கச் சொன்னேன். மின்கம்பத்தைத் தாண்டக் காலில்லையா? நம் ஊர் மதில் எல்லாவற்றையும் தாண்டினவள்தானே நீ?

இனி எழுதப்போவதை யாருக்கும் சொல்லாதே. சொன்னால் நான் செத்தேன்.

இங்கே வந்தபோது சர்ச்சில் எங்களுக்குப் பெரிய கறுப்புப் பைகளில் துணி கொடுத்தார்கள். எனக்கு ஒரு நீலக் குளிர்க்கோட்டு கிடைத்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. போன வாரம் செவ்வாய்க்கிழமை பள்ளியில் ஒரு பெண் என் பின்னால் வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். உள்துணியில் ஒரு கிழிசல். அதில் விரலை நுழைத்து, "நாந்தான் சொன்னேனே, இது என்னோடதுதான்"னு தன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். கெட்ட பெண் இல்லை. "உனக்கு நல்லாருக்கு"ன்னுகூடச் சொன்னாள். அதுதான் இன்னும் மோசம்.

மறுநாள் கோட்டு இல்லாமல் போனேன். பஸ் நிறுத்தத்தில் பல் அடித்துக்கொண்டது. அதற்கு மறுநாள் கோட்டோடுதான் போனேன். வேறு என்ன செய்வது? தெள்ளு என்று நாங்கள் கூப்பிடக் கூப்பிட, நீ ஒன்பதாம் வகுப்பு முழுக்க எப்படிப் பள்ளிக்கு வந்தாய் என்று யோசித்தேன்.

அது போகட்டும். டின்களை அனுப்பு.

இவெலிஸ்


வியேகெஸ்
டிசம்பர் 19

இவெலிஸ்,

மின்கம்பம் பொய். பாதையில் ஒன்றும் இல்லை.

டின்களை நான் அக்டோபரிலேயே எடுத்துவிட்டேன். நீங்கள் போய் நாலு நாளில். நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும். வேலிக்கு வெளியே வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருந்தால் தொடக்கூடாது. புயலுக்குப் பிறகு எல்லோரும் வெளியே கொண்டுவந்து போட்டார்கள். மெத்தை, நாற்காலி, குளிர்சாதனப் பெட்டி என்று தெருவெல்லாம் கிடந்தது. குப்பை அள்ளுகிற வண்டி வருவதற்குள் வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் டின்கள் வேலிக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வேலி மேலேயே இருந்தன. வேலியோ மண்ணில் படுத்துக் கிடந்தது. நீங்கள் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனதாக நினைத்துவிட்டேன். அம்மா மார்க்கெசினாவில் வைத்தாள். முதல் சனிக்கிழமையே ஏழும் போய்விட்டன. இந்தத் தீவில் அவ்வளவு ஆழமான பாத்திரம் யாரிடம் இருக்கிறது?

உன் கடிதம் வந்ததிலிருந்து தேடுகிறேன். அம்மாவிடம் பள்ளியில் வேலை என்று சொல்லிவிட்டு மார்க்கெசினா மார்க்கெசினாவாக ஏறி இறங்குகிறேன். மூன்று கிடைத்துவிட்டன.

ஒன்று மேட்டுச் சர்ச் கடையில். அங்கே துணி பிரிக்கிற லூஸ் தெலியா அதில் துணிக்கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தாள்.

"இது விக்கிறதுக்கு இல்ல கண்ணு. கடையோடது."

"இதுக்குப் பதிலா முடி காயவைக்கிற மெஷின் தரேன்."

"உங்க வீட்ல கரண்ட் வந்துடுச்சா?"

"இல்ல."

"எங்க வீட்லயும் இல்ல. கொண்டா, கொண்டா. வர்ற அன்னிக்கு அழகாயிடுவோம்."

இரண்டாவது எஸ்பெரான்சாவில், ஒரு வீட்டு நடுக்கூடத்தில், நீலத் தார்ப்பாயின் ஓட்டைக்குக் கீழே ஒழுகும் நீருக்கு வைத்திருந்தார்கள். எங்கள் வாளியைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன். மூன்றாவதில் ஒரு அமெரிக்கக் கிழவி செடி வைத்திருந்தாள். தண்ணீர் வடிய அடியில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறாள். மன்னித்துக்கொள். செடியைப் பிடுங்கி மண்ணோடு ஒரு தகர டப்பாவில் வைத்துக் கொடுத்தேன்.

பள்ளி மேசைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரியவேண்டாம். என் அம்மாவுக்கும் தெரியவேண்டாம். தெரியாமல் நடந்துபோன தப்பு இது.

நெரெய்டா


ஹோலியோக்
டிசம்பர் 30

தெரியாமல் நடந்துபோன தப்பா?

அடியில் பேர் இருந்தது. எம், வி. நாலு முறை என் வீட்டில் கேக் சாப்பிட்டபோது அந்த டின்னைச் சுரண்டித் தின்றவள் நீ. உனக்குப் படிக்கத் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும்.

திருடி.

இவெலிஸ்


வியேகெஸ்
ஜனவரி 13

இவெலிஸ்,

உன் கடிதத்தைப் பதினைந்து முறை படித்தேன். அதில் எழுதியிருப்பது சரிதான்.

இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன். இது அவள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எடுத்த அன்று நான் அடியைப் பார்க்கவில்லை. அது நிஜம். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"எங்கேருந்து?" என்றாள் அம்மா.

"இவெலிஸ் வீட்டு வேலி மேலேருந்து."

"வேலிக்கு உள்ளயா, வெளியயா?"

"வேலியே விழுந்துடுச்சேம்மா."

அம்மா ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தாள். எழுத்து தெரிந்தது. நானும் பார்த்தேன். வேண்டாதது என்று தூக்கிப் போடுகிறவள் பெயர் குத்திய பாத்திரத்தைக் கழுவிக் காயவைக்க மாட்டாள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது. டின்னைத் திரும்ப நிமிர்த்தி வைத்தாள்.

"இந்தத் தீவுலேருந்து போனவங்க யாராச்சும் திரும்பி வந்து பாத்திருக்கியா?"

"இல்ல."

"அந்த உப்புத்தாளை எடு."

எடுத்துக் கொடுத்தேன்.

"கெட்டியாப் புடி. ஆடுது."

கெட்டியாகப் பிடித்தேன். அம்மா தேய்த்தாள். முதல் இரண்டை அவள் தேய்த்தாள். மூன்றாவதை நான் தேய்த்தேன். அவள் என்னைத் தேய்க்கச் சொல்லவில்லை.

இதற்கு மேல் எழுதுவதுதான் கஷ்டம். எனக்குப் பாவமாக இல்லை, இவெலிஸ். சந்தோஷமாக இருந்தது. துறையில் எல்லோரும் என் கையைப் பார்த்ததே ஞாபகத்தில் இருந்தது. இனி உன் வீட்டுச் சாமானை ஊரே கையில் எடுத்துப் பேரம் பேசட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை ஒவ்வொன்றாக விற்றுப்போகும்போது நான் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். "எங்க கெடச்சுது இவ்ளோ நல்ல பாத்திரம்?"னு ஒருத்தி கேட்டாள். "சர்ச் கடையில"ன்னு அம்மா சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன்.

இப்போது ஆறு கிடைத்துவிட்டன. நாலாவதை ஒரு பொடியன் மேளமாக அடித்துக்கொண்டிருந்தான். என் பம்பரமும் சீட்டுக்கட்டும் போயின. ஐந்தாவது அதற்குள் மூன்றாவது மார்க்கெசினாவுக்கு மாறியிருந்தது, அங்கே போய்ப் பிடித்தேன். ஆறாவதுக்கு என் பள்ளிக் காலணியைக் கொடுத்தேன். ரப்பர் செருப்போடுதான் இப்போது பள்ளிக்குப் போகிறேன். காலணி புயலில் போய்விட்டது என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். எது கேட்டாலும் இப்போது புயல் மேல் பழி போடலாம். ஆறையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

ஏழாவது, எல்லாவற்றிலும் பெரியது, பெரியவர் தோன் எலாடியோவிடம் இருக்கிறது. அவர் குதிரைக்கு அதில்தான் தண்ணீர் வைக்கிறார். அவர் மார்க்கெசினா உனக்கு ஞாபகம் இருக்கும். விற்பது பாதி, காப்பி குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவது பாதி. நான் இன்னொரு வாளி தருகிறேன் என்றேன், என் ரேடியோவைத் தருகிறேன் என்றேன்.

"ஒண்ணும் வேணாம்," என்றார். "ஒரு மாசமா ஊர் பூரா இந்தப் பாத்திரத்தைத் தேடிட்டு அலையறியாமே. எதுக்குன்னு காரணம் சொல்லு. சும்மாவே தரேன்."

ஆறேழு பேர் காப்பிக் கோப்பையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்துவிட்டேன்.

சொன்னால் அன்று மாலைக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எங்கள் மார்க்கெசினாவுக்கு யார் வருவார்கள்? என்னால் முடியவில்லை.

நெரெய்டா


ஹோலியோக்
ஜனவரி 23

நெரெய்டா,

பெட்டி வந்தது. நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் அம்மாவே பிரித்துவிட்டாள். நீ அனுப்பிய கடிதம் உள்ளே இருந்தது. நல்லவேளை, கவரைப் பிரிக்காமல் என் தலையணை மேல் வைத்திருந்தாள்.

ஆறையும் தரையில் வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அடியை விரலால் தடவினாள். "யாரோ நல்லா தேச்சிருக்காங்க"ன்னு மட்டும் சொன்னாள். ஓட்டை விழுந்ததைப் பார்த்து, "பரவால்ல, உள்ள காகிதம் போட்டுக்கலாம்"னாள். பிறகு "பெரிசு எங்க?" என்று கேட்டாள். வரும் என்று சொல்லிவிட்டேன்.

பெரியதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் நிற்பது. அது இல்லாமல் மற்ற ஆறும் எதன் மேல் உட்காரும்? அம்மா தட்டு, குண்டான் எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டாள். எதுவும் அந்த அகலத்துக்கு வரவில்லை. கல்யாணக்காரி இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டாள். வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று இரண்டாவது முறை கேட்டாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன்னைத் திருடி என்று எழுதின பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

புறப்பட்ட அன்று நேரம் இருந்தது. டின்களைக் காய்ந்ததும் கறுப்புப் பெட்டியில் அடுக்கச் சொல்லி அம்மா என்னிடம்தான் விட்டிருந்தாள். பெட்டியில் ஏழுக்கும் இடம் இருந்தது. நான் அதில் என் மூன்று ஜோடிக் காலணியையும், கண்ணாடியையும், முடியை நேராக்குகிற இயந்திரத்தையும் வைத்து மூடினேன். டின்களை எவள் தூக்கிச் சுமப்பாள் என்று இருந்தது. லாஞ்ச் ஏறின பிறகு அம்மா கேட்டாள். "அப்பா கத்தினாரே, எங்க நேரம் இருந்துச்சு?" என்றேன். அம்மா அப்பாவைத் திட்டினாள். மூன்று மாதமாக இந்தக் குளிரில் இருவரும் அதற்காகச் சண்டை போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு கிடக்கிறேன்.

அந்த மூன்று காலணியில் ஒன்றைக்கூட இங்கே பனியில் போட முடியாது.

இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தோன் எலாடியோவிடம் சொல் என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

இவெலிஸ்


வியேகெஸ்
பிப்ரவரி 17

இவெலிஸ்,

பெரிய டின் இதற்குள் உன் வீட்டுக்கு வந்திருக்கும். நடந்ததைச் சொல்கிறேன். இப்போது காலை எட்டு மணி. அம்மா பத்தடி தள்ளி நிற்கிறாள். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்தது இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை தோன் எலாடியோவின் மார்க்கெசினாவுக்குப் போனேன்.

"வந்துட்டாடா நம்ம வியாபாரி!" என்றார். "இன்னிக்கு என்ன கொண்டாந்த, குதிரைக்குச் செருப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். லூஸ் தெலியாவும் இருந்தாள்.

"காரணம் சொல்லத்தான் வந்தேன், தோன் எலாடியோ."

"அப்படிச் சொல்லு. உக்காரு."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அது மிர்த்தாவோட கேக் டின். அவங்க வீட்டு வேலி மேலேருந்து நான் எடுத்தேன். அடியில அவங்க பேர் இருந்துச்சு. அதைத் தேச்சு அழிச்சுட்டு உங்களுக்கு வித்தோம்."

"வித்தோம்னா?"

"நானும் அம்மாவும்."

பின்னால் குதிரை அதிலேயே தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. தோன் எலாடியோ எழுந்து போய், குதிரையின் முகத்தை ஒதுக்கிவிட்டு, தண்ணீரைக் கொட்டினார். சட்டை நுனியால் உள்ளே துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"காரணம் கேட்டது என் தப்பு," என்றார். "சும்மாவே குடுத்திருக்கணும்."

தபால் நிலையம் போய் அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். எனக்கு முன்னால் சேதி போய்விட்டது. அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"எல்லார் முன்னாலயுமா?"

"ஆமா."

"லூஸ் தெலியா முன்னாலயுமா?"

"ஆமாம்மா."

"என் பேரையும் சொன்னியா?"

தலையாட்டினேன். அடிப்பாள் என்று நின்றேன். அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். துவரைச் சோறு பாதி வேக்காட்டில் அப்படியே இருந்தது. அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. ஒரு நாள் மட்டும், என் முகத்தைப் பார்க்காமல், "மிர்த்தா என் கல்யாணத்துக்குக் கேக் செஞ்சா, தெரியுமா? காசு வாங்கல"ன்னு சொன்னாள். எனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை வழக்கம்போல மார்க்கெசினா போட்டோம். பத்து மணி வரை ஒரு ஈ காக்கை வரவில்லை. எதிர்வீட்டு மார்க்கெசினாவில் கூட்டம். அம்மா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு லூஸ் தெலியா வந்தாள். "எப்படி இருக்க சொராய்தா?" என்று அம்மாவைக் கேட்டாள். ஒரு கோப்பையை எடுத்தாள். கவிழ்த்து அடியைப் பார்த்தாள். வைத்துவிட்டு ஒரு தட்டை எடுத்தாள். அதையும் கவிழ்த்தாள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவள் கை தானாகச் செய்தது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். கரண்டி, இஸ்திரிப் பெட்டி, கடிகாரம் எதை எடுத்தாலும் முதலில் அடி. ஒருவர் ஒரு செருப்பைக்கூடத் திருப்பிப் பார்த்தார். யாரும் எதுவும் வாங்கவில்லை. அம்மாவின் கழுத்து சிவந்து போயிருந்தது. எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்று இருந்தது. என்னுடைய அவமானம் எனக்குப் பழகியதுதான். அவளுடையதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை.

நீ உன் வீட்டில் சொன்னாயா என்று நான் கேட்கமாட்டேன். சொன்னால் எப்படி இருக்கும் என்று மட்டும் எழுதிவிட்டேன்.

இனிமேல் மார்க்கெசினா கிடையாது என்றுதான் நினைத்தேன். இன்று காலை ஏழு மணிக்கு எழுந்து வந்தபோது அம்மா எல்லாவற்றையும் பரப்பி முடித்திருந்தாள். ஏதோ வித்தியாசமாக இருந்தது. ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. மேசை மேல் இருந்த அத்தனையும் குப்புற இருந்தன. கோப்பை, தட்டு, குண்டான், வாணலி எல்லாம் அடி மேலே தெரியும்படி வரிசையாக இருந்தன. கடிகாரம் முகம் கவிழ்ந்து டிக் டிக் என்றது. கம்பியில் தொங்கிய சட்டைகளைக்கூட உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டியிருந்தாள்.

"என்னம்மா இது?"

அம்மா கடைசிக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றாள்.

தெருமுனையில் இரண்டு பேர் வருவது தெரிகிறது. அம்மா நாற்காலியில் உட்காரவில்லை, மேசைக்கு முன்னால் போய் நிற்கிறாள். நானும் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். இத்தோடு நிறுத்துகிறேன்.

நெரெய்டா